செந்துளுவன் நிறத்தில் ஒரு வீடு

வெள்ளறடையில் சுகிர்தபாய் புதுவீடு கட்டியபோது, செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் வராத சண்டை பெயிண்டுக்கு வந்தது. வரத்தானே செய்யும்? செங்கல் பூச்சுக்குள் ஒளிந்துகொள்ளும். நிறம் அப்படியா, ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாருக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாக அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சொல்லிக்கொடுப்பவள். ஆனால் தனக்கென்று ஒரு நிறத்தை அவள் எடுத்ததே கிடையாது. பிறந்த வீட்டில் சுண்ணாம்பு. புகுந்த வீட்டில் மாமனார் அடித்த நீலம். கல்யாணப் புடவையை நாத்தனார் எடுத்தாள். இந்த வீட்டையாவது தன் இஷ்டத்துக்கு அடிக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு பிடிவாதம். அவளுக்கு வேண்டியது ஒரு சிவப்பு. எந்தச் சிவப்பு என்று சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மகன் ஜெனிலுக்கு எறணாகுளத்தில் வேலை. பணக்கார வீடுகளின் உள்ளறைகளை அழகுபடுத்தித் தரும் கம்பெனி. அவனுக்கு உலகத்தில் ஒரே நிறம்தான், ஐவரி.

"ஐவரி அடிச்சா யாரும் ஒரு குத்தம் சொல்ல முடியாதும்மா" என்றான் போனில்.

"குத்தம் சொல்ல முடியாததெல்லாம் அழகா, மக்கா?"

"சரி, சிவப்பு ஏன் அழகு? ஒரு காரணம் சொல்லு."

சுகிர்தபாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்போதுதான் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே குலை விளைந்து நின்ற செந்துளுவன் கண்ணில் பட்டது; செவ்வாழைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர். பிடித்துக்கொண்டாள்.

"இஞ்ச நிக்குதே செந்துளுவன், அதுக்க நிறம். ஆண்டவரு கலக்குன கலராக்கும். இதுல குத்தம் சொல்லு பாப்பம்!"

ஜெனில் சிரித்தான். "அடுத்த சனிக்கிழமை வீடு பிரதிஷ்டைக்கு நான் வாறேன். சுவரும் பழமும் ஒரே நிறமா இருந்தா வாய் தெறக்க மாட்டேன். இல்லேன்னா அடுத்த வாரமே ஐவரி. சம்மதமா?"

"சம்மதம்."

சொன்னதோடு நிற்காமல் ஒரு வாளி ஐவரியை முன்கூட்டியே அனுப்பியும் வைத்தான். அவள் அதைக் குளியலறைக்குள் அடிக்கச் சொல்லிவிட்டாள். அங்கே குற்றம் சொல்ல யார் வரப்போகிறார்கள்?

திங்கட்கிழமை குலையை வெட்டிச் சந்தைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு காயை மட்டும் பேப்பரில் சுற்றிக்கொண்டு பாறசாலைக்கு பஸ் ஏறினாள். பெயிண்ட் கடை சஜு எத்தனையோ பேரைப் பார்த்தவன். புடவைத்தலைப்பு கொண்டுவருவார்கள், தரை ஓடு கொண்டுவருவார்கள். வாழைக்காய் வந்தது அதுவே முதல் தடவை. நிறம் படிக்கும் கருவியைத் தோலில் வைத்தான், வெளிச்சம் ஒன்று ஓடியது, மிஷின் கலக்கியது. மூடியைத் திறந்தால் இருண்ட, செழித்த செந்நிறம். சுகிர்தபாய்க்குக் கடையிலேயே ஒரு பாட்டு பாடலாம் போல இருந்தது.

பெயிண்டர் கிருஷ்ணன்குட்டி அமரவிளைக்காரன். கை சுத்தம், கணக்குதான் கொஞ்சம் முன்னே பின்னே. வீட்டின் முகப்பில் இடது பாதி முடியும்போதே வாளி காலி. நிறத்தின் நம்பர் எழுதிய சீட்டு மூடியில் ஒட்டியிருந்தது. அந்த மூடியில்தான் அவன் மூன்று நாளாக பிரஷ் துடைத்திருந்தான்.

"அதுக்கென்ன சேச்சி, சாம்பிள் உண்டல்லோ" என்று அடுக்களையில் கயிற்றில் தொங்கவிட்டிருந்த அதே காயை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை அவனே பாறசாலைக்குப் போனான். கருவி வைத்தார்கள், கலக்கினார்கள், வந்து இருட்டும் வரை வலது பாதியை அடித்தான். சற்று வேறு மாதிரி தெரிந்தது. ஈரம் காய்ந்தால் சேர்ந்துகொள்ளும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சுகிர்தபாய் முற்றத்தில் வந்து நின்றாள். வாசலுக்கு இடப்பக்கம் இருண்ட சிவப்பு. வலப்பக்கம் ஆரஞ்சு ஏறிய சிவப்பு. நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு பிரிவு. அப்போதுதான் விளங்கியது. திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவில் காய் பழுத்துவிட்டது! ஒரு செந்துளுவன் பழுக்கும் என்பது கிருஷ்ணன்குட்டிக்கும் தெரியும், சஜுவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு ஜெபம் பண்ணி வீட்டைப் பிரதிஷ்டை செய்யப் போதகர் வருவார், சபை முழுக்க வரும். ஜெனில் இப்போதே வந்துவிடுவான். வந்தால் ஐவரிதான். உள்ளே ஓடிப்போய் அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் ஓடவில்லை. பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். இரண்டு சிவப்பும் சேரும் இடத்திலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

ஆட்டோவிலிருந்து இறங்கிய ஜெனில் அண்ணாந்து நின்றான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ரெண்டு வீடா கெட்டினிய? சரி, பழத்தை எடு. எது ஒக்குதுன்னு பாப்பம்."

சுகிர்தபாய் அடுக்களைக்குப் போனாள். கயிறு மட்டும் தொங்கியது. அவள் கணவன் எலியா, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், எதற்கோ தொண்டையைச் செருமினார்.

"பழத்தை எங்க?"

"காலத்த புட்டுக்குப் பழம் இல்லாம என்ன செய்ய? நல்லா பழுத்திருந்து" என்றார்.

"தோலாவது?"

"ஆடு தின்னுட்டு."

முற்றத்தில் பந்தல் போட வந்தவர்களும், மரச்சீனிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்களும் கைவேலையைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். இடதுதான் சரி என்றது ஒரு கட்சி. வலதுதான் என்றது இன்னொன்று. கிருஷ்ணன்குட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"ரெண்டும் சரியாக்கும். மிஷின் வச்சு நோக்கினதல்லே? முதல்ல காய், பின்ன பழம். சேச்சி ஜெயிச்சு!"

கூட்டம் கைதட்டியது. நல்ல வாதம்தான். சுகிர்தபாய் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவள் ஆட்டவில்லை.

"பழத்தை விடுங்க" என்றாள். "அது நான் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்த ஆளு. சாட்சி போனா போட்டு. எனக்கு இது இஷ்டமாக்கும், மக்கா. அந்தப் பக்கமும் இஷ்டம், இந்தப் பக்கமும் இஷ்டம். காரணம் கேட்டா எனக்க கையில ஒண்ணும் இல்ல."

ஜெனில் சுவரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கண்டதில்லை. கண் நிறைந்திருந்தது, சிரிப்பும் இருந்தது.

"இதை அன்னைக்கு போன்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீ காரணம்தானே கேட்ட? இஷ்டமான்னு கேட்டியா?"

அவன் தலையைச் சொறிந்தான். ரோட்டில் போதகரின் கார் திரும்புவது தெரிந்தது. பெண்கள் கிழங்குப் பானையைப் பார்க்க ஓடினார்கள், எலியா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். ஜெனில் மட்டும் நகராமல், துருப்பிடிக்காமலிருக்க அடித்த காவிப் பூச்சோடு நிற்கும் ஜன்னல் கம்பிகளைக் காட்டினான்.

"அம்மா, இதுக்கு எந்த நிறம் இஷ்டம்?"

சுகிர்தபாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கிளிப்பச்சை."

கிருஷ்ணன்குட்டி தலையில் கைவைத்தான். ஜெனில் எச்சிலை விழுங்கினான். ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.