பூஜ்யம் காட்டிய கருவி

பள்ளியின் பெண்கள் கழிப்பறைக் கூரையில், புகைப்பதைக் கண்டுபிடிக்கப் பொருத்திய கருவி மூன்று மாதமாகப் பூஜ்யத்தையே காட்டியது. அது பழுதாகவில்லை. ஆலோசக ஆசிரியை உஷாராணி நாற்காலியில் ஏறி வாசனை ஸ்பிரே அடித்துப் பார்த்தபோது, அலுவலகக் கணினியில் உடனே ‘1’ விழுந்தது. உள்ளே ஓர் ஒளிக்கற்றை ஓடுகிறது. நுண்துளிகள் புகுந்து அதைச் சிதறடித்தால் எண்ணிக்கை ஒன்று கூடும். வேப் எனும் மின்சிகரெட்டின் ஆவியும் நுண்துளிதான்.

அப்படியானால், செவ்வாய்க்கிழமை அதே கழிப்பறையில் மயங்கி விழுந்த யாழினியை அது ஏன் கண்டுகொள்ளவில்லை?

யாழினி படிவம் இரண்டு மாணவி, பதினான்கு வயது. பையில் போதைத் திரவம் கலந்த வேப் இருந்தது. போர்ட் கிள்ளான் கிடங்கில் வேலை செய்யும் அவள் அம்மா காலையில் மருத்துவமனையிலிருந்து அனுப்பிய குறுஞ்செய்தி: “இன்னும் முழிக்கல டீச்சர்.”

வெள்ளிக்கிழமை கல்வித் துறை அதிகாரி வருகிறார். உஷாராணி நடத்தும் போதைத் தடுப்பு வகுப்புக்கு அரசாங்க ஒதுக்கீடு தொடருமா என்பதை இந்த எண்ணிக்கைதான் முடிவுசெய்யும். பூஜ்யம் என்றால் இங்கே பிரச்சினை இல்லை; வகுப்பு வேண்டாம். அடுத்த தவணைக்குக் காத்திருந்த நாற்பது பெயர்களில் யாழினியுடையதுதான் முதல் பெயர்.

“வெளிய எங்கயாவது வேப் இழுத்துட்டு வந்திருப்பா டீச்சர்,” என்றார் முதல்வர் கமலநாதன். “நம்ம ஸ்கூல் ஸீரோ. நல்ல பேர ஏன் கெடுத்துக்கணும்?”

“ஸீரோன்னு எழுதினா கிளாஸ் போயிடும் சார்.”

“நாளைக்குள்ள வேற நம்பர் காட்டுங்க. இல்லன்னா ஸீரோதான் போகும்.”

உஷாராணி கழிப்பறைக்கே திரும்பிப் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதாள். துப்புரவு செய்யும் வள்ளியம்மா வாளியோடு வந்தாள்.

“ஆபீஸ்ல போய் அழுவக்கூடாதா டீச்சர்? தரையெல்லாம் ஈரம்லா.”

“இந்த மெஷின் ஏன் எதையும் காட்ட மாட்டேங்குதுக்கா?”

“மெஷின் எனக்கெங்க தெரியும்? கடைசி ரூம் விசிறியப் போன வாரந்தான் தொடச்சேன். மறுபடி பிசுபிசுன்னு, மாம்பழ வாசம் வேற. கண்றாவி!”

உஷாராணி கடைசி அறைக்குள் ஓடினாள். கழிப்பறைக் கோப்பையின் விளிம்பில் ஷூ தடங்கள். அதே இடத்தில் ஏறி நின்று ஒரு டிஷ்யூ தாளை நீட்டினாள். சுவரில் இருந்த, காற்றை வெளியேற்றும் விசிறி அதை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தது. கருவிக்குக் கீழே பிடித்தபோது தாள் அசையாமல் தொங்கியது. பிள்ளைகள் விசிறிக்குள்ளேயே ஊதுகிறார்கள். ஆவி கூரையின் நடுவுக்கு வருவதேயில்லை. மூன்று மாதமும் கருவி பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்த காற்று சுத்தம் என்றுதான் சொல்லியிருக்கிறது.

“ஸ்க்ரூ டிரைவர் இருக்காக்கா?”

வியாழக்கிழமை ஓய்வு நேரம் முடிந்தபோது திரையில் ‘7’. கமலநாதன் அறிக்கைத் தாளை உஷாராணி பக்கம் நகர்த்தினார்.

“எழுதுங்க டீச்சர்,” என்றார்.

உஷாராணி பேனாவைத் திறந்தாள். அறிக்கையில் எழுதினாள்: “கருவியைக் கூரையின் நடுவிலிருந்து கழற்றி, கடைசி அறையின் காற்று வெளியேற்றும் விசிறிக்கு முன்னால் பொருத்தினோம். விசிறி இழுக்கும் காற்று இப்போது கருவியைக் கடந்துதான் வெளியே போகிறது.”