நடுத்துண்டு

வெண்ணெய் விலை இரண்டாம் முறையாக ஏறிய ஆண்டின் கடைசி வாரத்தில், பல்செட்டுக்காரர் தன் வீட்டுக் கேக்கின் நடுவில் கத்தியை வைத்தார், கத்தி இறங்கவில்லை. அழுத்திப் பார்த்தார், கத்திதான் வளைந்தது. கேக் கல்லாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. விரலால் தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கி எழுந்தது. அவருக்கு வெட்டுப்படவில்லை, அவ்வளவுதான். மறுநாள் மாலை விருந்துக்கு வந்த வங்கி மேலாளர் அதே கத்தியை, வளைந்த கத்தியை, ஒப்புக்கு அதன்மேல் வைத்தார். அது தானாக அடிவரை இறங்கி நின்றது. "அடடா, என்னமா சாஃப்ட்டா இருக்கு!" என்றார். முந்தின வருடமும் இதையேதான் சொன்னார், அதற்கு முந்தின வருடமும் இதேதான். கேக்கைப் பற்றி அந்த ஆளுக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.

இது ஒரே நாளில் முளைத்த வினை அல்ல. அந்த வீட்டில் நல்லது என்று ஒன்று இருந்தால் அது வருகிறவர்களுக்குத்தான். பொன்விளிம்புத் தட்டுகள் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கும். வீட்டு ஆட்கள் நசுங்கிய எவர்சில்வர் தட்டில் சாப்பிடுவார்கள். சோபாவின் பிளாஸ்டிக் உறை விருந்தன்று மாலை கழற்றப்பட்டு, கடைசி விருந்தாளியின் செருப்பு படியிறங்கியதும் திரும்ப மாட்டப்படும். குளியலறையில் ரோஜாப்பூ வடிவத்தில் ஒரு சோப்பு இருந்தது. அதை நனைத்த பாவத்துக்காக மகள் பள்ளிக்கூட வயதில் முதுகில் இரண்டு வாங்கியிருக்கிறாள். ஆண்டுக் கடைசி விடுமுறை நெருங்கினால் போதும், வீட்டுக்காரிக்குப் பேய் பிடித்துவிடும். காகித நட்சத்திரம், ஜரிகை ரிப்பன், சீரியல் பல்பு என்று கூரையே தெரியாமல் தொங்கவிடுவாள். அவளுடைய அக்கா வீட்டில் தொங்கியதைவிட இரண்டு முழம் கூடத் தொங்கினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அக்காக்காரி மட்டும் லேசுப்பட்டவளா? உள்ளே வந்ததும் அண்ணாந்து ரிப்பனைக் கண்ணாலேயே அளப்பாள், அதற்கப்புறம்தான் தங்கை முகத்தைப் பார்ப்பாள்.

கேக் விஷயம் இன்னும் கேவலம். பழங்களை ஊறப்போட்டு, முட்டையும் சர்க்கரையும் தோள்பட்டை கழன்று விழும்வரை அடித்து, மேசை அகலத்துக்கு ஒரு சதுரத் தட்டில் ஊற்றுவாள். அந்தத் தட்டு ஓவனுக்குப் பெரிது. கதவு முழுசாகச் சாத்தாது, நாற்காலி ஒன்றை முட்டுக்கொடுத்து நிறுத்துவாள். சின்னத் தட்டில் சுட்டால் என்ன என்று யாரும் கேட்கக் கூடாது, ஏனென்றால் அக்காவின் தட்டு சின்னது. மேலே நிறம் ஏறியதும் வெளியே எடுத்து, ஆறவைத்து, மகளின் பழைய ஸ்கேலை வைத்து நான்கு ஓரத்தையும் நேராக வெட்டுவாள். ஐசிங் பூசினால் விளிம்பு கட்டிடம் மாதிரி நிற்க வேண்டுமாம். வெட்டிய ஓரமெல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் போகும். அதுதான் வீட்டு ஆட்களுக்கு. "ஓரம்தாங்க ருசி. தெரிஞ்சவங்க அதத்தான் கேப்பாங்க" என்று ஒவ்வொரு வருடமும் புருஷனிடம் சொல்லுவாள். அவ்வளவு ருசி என்றால் அதை மேலாளருக்குக் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்க அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஓரத்தைத் தின்பார். ஆட்டுவதற்கென்றே வளர்ந்த தலை.

அவர் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்பவர். மெழுகில் ஈறு வார்ப்பார், பல்லை வரிசை பிடிப்பார், ராவிப் பளபளப்பாக்குவார். விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வாயில் இருப்பது அவருடைய கைவேலை. வங்கி மேலாளரின் சிரிப்பில் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுமே அவர் செய்தது. ஆக, அவர் செய்த பல் வருடா வருடம் நடுத்துண்டைத் தின்றது, அவருடைய சொந்தப் பல் ஓரத்தை மென்றது. இந்த நினைப்பு மனசில் ஏறி உட்கார்ந்த பிறகு அவருக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று. ஊரில் அவனவன் கார் வேண்டும், மாடி வேண்டும் என்று பறக்கிறான். இவருக்கு வேண்டியது சொந்த வீட்டில், பொன்விளிம்புத் தட்டில், கேக்கின் நடுவிலிருந்து ஒரே ஒரு துண்டு. அதைக்கூட நேராகக் கேட்கத் துப்பில்லாமல், பெண்டாட்டி ரிப்பன் வாங்கக் கடைக்குப் போன சமயம் பார்த்துத் திருட்டுத்தனமாகக் கத்தியை எடுத்தவர்தான் அவர். அன்றைக்குத்தான் கத்தி வளைந்தது.

அதன் பிறகு வீட்டுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அடுத்த வருடம் வீட்டு ஆட்கள் உறை கழற்றிய சோபாவில் உட்கார்ந்தால் அது மெதுவாக முன்பக்கம் சரிந்து அவர்களைத் தரையில் இறக்கிவிட்டது. ரோஜாப்பூ சோப்பு அவர்கள் கையில் நுரைக்கவில்லை. சீரியல் பல்புகளுக்குக் கீழே பல்செட்டுக்காரர் நடந்தால் அவர் தலைக்கு மேலே உள்ளவை மட்டும் அணைந்து, அவர் கடந்ததும் எரிந்தன. எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் வீடு முழுக்க நடந்து பார்த்தார். ஒரு பல்புகூட அணையவில்லை. லைனில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்து, கூலியை வாங்கிக்கொண்டு போனார். வேறொரு பெண்ணாக இருந்தால் பயந்திருப்பாள். வீட்டுக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, எவ்வளவு மரியாதை தெரிஞ்ச வீடு!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தன்னையும் அது தரையில் இறக்கிவிட்டதை அவள் கணக்கில் எடுக்கவே இல்லை. அக்காக்காரிதான் வயிறெரிந்து செத்தாள். அவள் சோபா யாரையும் தள்ளிவிடவில்லை.

மகள் வளர்ந்தாள், வேறு ஊரில் வேலை கிடைத்தது, அங்கேயே கல்யாணமும் முடிந்தது. அடுத்த விடுமுறைக்குப் புருஷனோடு வந்தாள். வாசலில் கால் வைத்ததும் பல்புகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. பழக்கதோஷத்தில் அவள் தரையில் உட்காரப் போனாள். அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்து, பிள்ளையார் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துச் சோபாவில் உட்காரவைத்தாள். சோபா அசையவில்லை. பொன்விளிம்புத் தட்டு வந்தது. அதில் நடுத்துண்டு இருந்தது. பல்செட்டுக்காரர் கதவோரத்தில் நின்று, தான் தூக்கி வளர்த்த பெண் அதைச் சாப்பிடுவதை வாய் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு வாய் வைத்தாள், கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தாள், பிறகு விழுங்கிவிட்டு "நல்லாருக்கும்மா" என்றாள். அம்மா அந்தப் பக்கம் போனதும் அவர் ஓடிவந்து, எப்படி இருந்தது என்று ரகசியமாகக் கேட்டார்.

"அத நீங்களே சாப்பிட்டுப் பாத்தாதான்பா தெரியும்" என்றாள் மகள்.

"எனக்குத்தான் வெட்டமாட்டேங்குதேம்மா."

"நீங்க வீட்லயே இருந்தா எப்படி வெட்டும்? நான் போயிட்டுல்ல வந்திருக்கேன்."

வேறு மனிதராக இருந்தால் அதைக் கேட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்து யோசித்திருப்பார், அல்லது அந்தச் சதுரத் தட்டைத் தூக்கி நடுத்தெருவில் போட்டிருப்பார். பல்செட்டுக்காரர் அதில் உபாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மாம்பழத்துக்கு ஆசைப்பட்ட பிள்ளைக்குக்கூட இவ்வளவு வைராக்கியம் வராது. ஒரு சாதாரண வேலைநாளில் இரண்டு சட்டையையும் சவரப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு, இனிமேல் மருத்துவமனைப் பின்னறையிலேயே தங்கிக்கொள்வதாகச் சொன்னார். வீட்டுக்காரி அடுத்த வருடத்துக்கான ரிப்பனை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிங்க, போறப்ப வாசல் லைட்ட அணைச்சிட்டுப் போங்க" என்றாள். அணைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் கடந்தபோது அதுவாகவே அணைந்துகொண்டது.

பின்னறையில் பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுத்தார். ரொட்டியும் டீயும்தான் சாப்பாடு. முதல் மாதம் ஆசை தாங்காமல் ஒருநாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். சாவி பூட்டில் நுழைந்தது. இன்னும் வீட்டு ஆள்தான் என்று தெரிந்து, முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். கோடை முடிந்து இன்னொரு முறை போனபோது சாவி பாதியில் நின்றது. மூன்றாம் முறை பூட்டுக்குள்ளேயே போகவில்லை. முப்பது வருடம் திறந்த கதவு தன்னை மறந்துவிட்டதே என்று அழ வேண்டிய இடத்தில், அந்தப் புண்ணியவான் கையைத் தேய்த்துக்கொண்டு சந்தோஷமாகச் சீட்டியடித்தபடி தெருவைக் கடந்தார். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுக் கடைசி விருந்தன்று புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, ஒரு பழப் பொட்டலத்தோடு போய் மணியை அடித்தார். கதவைத் திறந்தது அவள்தான். திறந்தவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இத்தனை வருடமாக அவர் அதைப் பக்கவாட்டில் நின்று பார்த்திருக்கிறார். நேருக்கு நேர் தன்மேல் விழுந்ததும் அவர் பழப் பொட்டலத்தை நீட்டவே மறந்துவிட்டார். "வாங்க, வாங்க! வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினார். அவளுக்கு அவரை அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று தெருவில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. இதில் சண்டை போட என்ன இருக்கிறது? தெரிந்திருந்தால் சோபாவில் உட்காரவைத்திருக்கமாட்டாள்.

பல்புகள் எல்லாம் எரிந்தன. சோபா தாய்மடி மாதிரி வாங்கிக்கொண்டது. பக்கத்தில் வங்கி மேலாளர், எதிரே ரிப்பனை அளந்துகொண்டிருந்த அக்காக்காரி. கத்தியை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்கதான் இன்னிக்கு வெட்டணும்" என்றாள் வீட்டுக்காரி. கத்தி இறங்கியது. பொன்விளிம்புத் தட்டில், அவரே சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிக்கொடுத்த தட்டில், நடுத்துண்டு வந்து உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தார்.

நடு வேகவே இல்லை. பச்சை மாவு. முட்டை நாற்றம் அடித்தது, அண்ணத்தில் பசைபோல ஒட்டிக்கொண்டது. கதவு சாத்தாத ஓவனில், அத்தனை பெரிய தட்டில், நடு எந்தக் காலத்தில் வெந்திருக்கும்? சூடு ஓரத்தோடு நின்றிருக்கிறது. சர்க்கரை முறுகி, பழம் இறுகி, மொறுமொறுவென்று ருசியேறி இருந்ததெல்லாம் அந்த டப்பாவுக்குள் போன ஓரம்தான். தான் சும்மா சமாதானத்துக்குச் சொன்னது நிஜம் என்று அவளுக்கே தெரியாது. அவள் தன் கேக்கின் நடுவை ஒருநாளும் ருசி பார்த்ததில்லை, அவளுக்கும்தான் அது வெட்டுப்படாதே. அவர் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். மேலாளர் அந்த மாவை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு உருட்டிக்கொண்டிருந்தார். அக்காக்காரி கைக்குட்டைக்குள் எதையோ துப்பி மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் இந்தக் கும்பல் பல்லைக் கடித்துக்கொண்டு பச்சை மாவை விழுங்கிவிட்டு, போகும்போது புகழ்ந்துவிட்டுப் போயிருக்கிறது.

வீட்டுக்காரி எதிரே நின்று, கையைப் பிசைந்துகொண்டு, அவர் வாயையே பார்த்தாள். "எப்படிங்க இருக்கு?"

சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் உண்மையைச் சொல்ல அவரைவிட உரிமை உள்ளவர் யார்? ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் அவள் முகத்தில் நின்றுகொண்டிருந்தது, அது அவருக்காக நின்றுகொண்டிருந்தது.

"ரொம்ப சாஃப்ட்டா இருக்குங்க" என்றார்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. இன்னொரு துண்டு வைத்தாள். அதையும் விழுங்கிவிட்டு, வெட்கத்தை விட்டு, ஓரம் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். அவள் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

"ஐயையோ, ஓரத்தப் போயி விருந்தாளிக்குக் குடுப்பாங்களா? அது எங்க வீட்டுக்காரருக்குங்க. டப்பாவுல எடுத்து வச்சிருக்கேன். வேலைக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு."

கை கழுவப் போகிற சாக்கில் அவர் சமையலறைப் பக்கம் ஒதுங்கினார். டப்பா வழக்கமான இடத்தில்தான் இருந்தது. மூடியைத் திருகிப் பார்த்தார், நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. ரோஜாப்பூ சோப்பு மட்டும் அவர் கையில் நன்றாக நுரைத்தது. கிளம்பும்போது வீட்டுக்காரி வாசல்வரை வந்து நின்றாள், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தாள், அவரும் சௌக்கியம் என்றார். அடுத்த வருடமும் கண்டிப்பாக வர வேண்டும் என்றாள்.

வருகிறார். வருடம் தவறாமல் பழப் பொட்டலத்தோடு வந்து மணியடிக்கிறார். தெருவுக்கு அது பழகிவிட்டது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலாளரின் செட் போன வருடம் லூசாகிவிட்டது. மாவு ஒட்டுகிறது என்று அவர் முறையிட்டதால் பல்செட்டுக்காரர் இறுக்கிப் புதிதாகச் செய்துகொடுத்திருக்கிறார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். சமையலறையில் இப்போது டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன, வருடத்துக்கு ஒன்று, எல்லாம் இறுக மூடி, வீட்டு ஆளுக்காக.