பை திறக்கும் கடை

ஆட்கள் வரும்முன் துணி வெட்டும் மேசையை நகர்த்தியபோது, சுவரோரத்தில் சிக்கியிருந்த பெரிய கத்திரிக்கோல் ஒன்று ‘ணங்’கென்று விழுந்தது. கைப்பிடியில் அப்பா சுற்றிய சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

அப்பாவுக்குப் பிறகு தையல் கடையை நடத்தும் மகள் அதை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

“அடடா! அப்ப மாஸ்டர் எடுக்கலையா!” என்றார் அவர்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது காணாமல் போனது அது. கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் கட்டிங் மாஸ்டர். நல்ல வேலைக்காரர் என்பதால் அப்பா அவரை அனுப்பிவிடவில்லை. ஆனால் தினமும் கிளம்பும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னார். அவர் ஒருவர் மட்டும் தலைகுனிந்து நிற்கக் கூடாதென்று பக்கத்து மெஷின்காரரும் தன் பையைத் திறந்தார். பிறகு எல்லோருமே திறந்தார்கள். காரணம் மறந்துபோய் வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. இப்போது அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, பைகளைப் பார்க்காமலே தலையாட்டுபவள் அவள்தான்.

“கமுக்கமா உள்ளே வச்சிடு. செத்தவரைச் சந்திக்கு இழுக்காதே” என்றார் சித்தப்பா.

“கடையை வாங்கிக்கிட்டேன், அப்பா பேரை வாங்கிக்கிட்டேன். அவர் செஞ்ச தப்பு மட்டும் வேண்டாம்னு சொல்லலாமா, சித்தப்பா?”

“அவரே மறந்திருப்பாரு.”

“மறந்தவரு ஏன் தினமும் முதல் ஆளா வந்து பையைத் திறக்கறாரு?”

சாயங்காலம் மாஸ்டர்தான் முதலில் வந்தார். பையைத் திறந்தார்: காலி டப்பா, கண்ணாடிக் கூடு. அவள் தலையாட்டவில்லை. தன் கைப்பையை அவர் முன்னால் கவிழ்த்தாள்.

“இன்னிக்கு நீங்க பாருங்க, மாஸ்டர்.”

“பாதிக் கடை உங்க பையிலதான் இருக்கு போல, அக்கா!” என்று காஜா போடும் பெண் சிரித்தாள். கடைசியாகக் கத்திரிக்கோல் விழுந்ததும் சிரிப்பு நின்றது.

அவள் எழுந்து நின்றாள். “மேசைக்குப் பின்னாடி கிடந்துச்சு. மாஸ்டர் எடுக்கலை. அப்பா வீண்பழி போட்டாரு, நானும் அதைத் தொடர்ந்து செஞ்சேன். மன்னிச்சிடுங்க, மாஸ்டர். இனிமே இங்க யாரும் பையைத் திறக்க வேண்டாம்.”

மாஸ்டர் சிவப்பு நூலைத் தடவிக்கொண்டிருந்தார். “அன்னிக்கு என் வீட்டுக்காரியும் துணிமூட்டையை அவிழ்த்துத் தேடினா, பாப்பா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு.”

“வாங்க. அவங்ககிட்டயும் நானே சொல்றேன்.”

சித்தப்பா ஷட்டரில் கை வைத்தபடி தயங்கினார். “இருங்க, நானும் வர்றேன். அன்னிக்கு இவர் பையை முதல்ல கொட்டினது நான்தான்.”

ஒருவர் நேர்வழியில் கால் வைத்துவிட்டால், துணைக்கு இன்னொருவரைக் கடவுள் அனுப்பிவிடுகிறார்.

“பையைக் கொடுங்க மாஸ்டர், நான் தூக்கிக்கறேன்” என்றார் சித்தப்பா.

மாஸ்டர் கொடுத்தார். “உள்ளே பார்க்காம தூக்கணும்” என்றார்.

தெருமுனை வரை மூவரும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.