பதினொன்றே முக்கால் வண்டி

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். என் மனைவியும் அப்படித்தான் சொன்னாள். இரண்டு பேரும் சொன்னது பொய். நாங்கள் போன அந்தப் பெரிய வெளிநாட்டு நகரத்தில்தான் எங்கள் மகள் இருந்தாள். ஆறு வருஷமாக நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேரனுக்கு நாலு வயது. மனைவி குளிக்கப் போகிற நேரத்தில் அவளுடைய போனைத் திருட்டுத்தனமாக எடுத்துத்தான் அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

மகள் எங்களைக் கேட்காமல் ஒருவனைக் கட்டிக்கொண்டு மறுநாள் போனில் சொன்னாள். "உங்கப்பன் செத்துட்டான்னு நெனச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். கோபத்தில் வந்த வார்த்தை. கோபம் ஒரு மாதத்தில் போய்விட்டது, வீம்புதான் போகவில்லை. அவள் முதலில் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். நான் கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். என்னை உரித்துவைத்துப் பிறந்தவள், வேறு எப்படி இருப்பாள்? நடுவில் கிடந்து அல்லாடியது அவள் அம்மா.

நான் பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன். நேரம் ஆனதும் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. கிளம்பு என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இவ்வளவுதான் பாஷை. என் கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டால் வண்டி யாருக்காகவும் நிற்காது. ஒருமுறை என் மாமனாரே வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார், தட்டி அனுப்பிவிட்டேன். அடுத்த வண்டி இருபது நிமிஷத்தில் இருந்தது, குடியொன்றும் முழுகிவிடவில்லை. இருந்தாலும் மனுஷர் கண்ணை மூடும்வரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

சுற்றுலாவில் நாங்கள் இருபத்து நாலு பேர். எங்களை அழைத்துப்போன அம்மாள் வெயிலோ மழையோ ஒரு மஞ்சள் குடையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். குடையம்மா என்று பெயர் வைத்தோம். முதல் நாளே ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் போட்டோ எடுக்கிறேன் பேர்வழி என்று முக்கால் மணி நேரம் காணாமல் போனார்கள். அதனால் அரண்மனையைச் சாத்துகிற நேரத்தில் போய் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் டாக்டரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். "சார், தலை எண்ணுற வேலைய நீங்களே பாத்துக்கிறீங்களா?" என்றார் குடையம்மா. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து நான் 'டைம் சார்'. எங்கள் பாஷை ஒரு வார்த்தை தெரியாத அந்த ஊர் டிரைவர், இரண்டாம் நாளே என் இரண்டு தட்டைப் புரிந்துகொண்டார். தொழில்காரனுக்குத் தொழில்காரன் என்று பெருமையாக இருந்தது.

பார்த்ததெல்லாம் பெரிது பெரிதாக இருந்தது. மறுபடி போய் அரண்மனையைப் பார்த்தபோது, "இத்தனை ரூமையும் யாருங்க பெருக்குவாங்க?" என்று கேட்டாள் என் மனைவி. கோபுரத்தின் உச்சியில் ஏறி எல்லாரும் ஆற்றைப் பார்த்தபோது அவள் மட்டும் வீடுகள் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை ஜன்னலில் எது மகளுடையது என்று தேடுகிறாள். நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். குளிர் காற்றில் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று இரண்டு பேரும் துடைத்துக்கொண்டோம்.

கடைசிக்கு முந்தின நாள் ஹோட்டல் அறையில் அவள் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு போனில் பேசினாள். தண்ணீர் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. பஸ் இஞ்சின் சத்தத்தில் காது பழகியவனுக்கு அது ஒரு சத்தமா?

"நாளைக்குப் பதினோரு மணி, அந்த நீரூற்றுப் பக்கத்துல. முக்கா மணி நேரம் விடுவாங்க. பதினொன்னே முக்காலுக்கு வண்டி. சாயங்காலம் ஃபிளைட்டு, வேற நேரமே கிடையாதுடி. அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன சொல்வாரோ... புள்ளையக் கூட்டிட்டு வா."

நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தேன். சந்தோஷத்தில் கால் விரல்கள்கூட ஆடின. காலையில் இரண்டு முறை ஷேவ் செய்தேன், புது ஸ்வெட்டரை எடுத்துப் போட்டேன்.

"என்ன, மாப்பிள்ளை கோலமா இருக்கு?" என்றாள்.

"கடைசி நாள் போட்டோ எடுப்பாங்கல்ல" என்றேன்.

என் கணக்கு இதுதான். பதினோரு மணிக்கு நான் எங்காவது ஒதுங்கிவிடுவேன். அம்மாவும் மகளும் அழுது முடிக்கட்டும். பதினொன்றரைக்கு ஒன்றும் தெரியாதவன் மாதிரி அந்தப் பக்கம் வருவேன். எதிரில் நின்றால் அவள் 'அப்பா' என்று கூப்பிடாமலா இருப்பாள்? கூப்பிட்டுவிட்டால் போதும், மிச்சத்தைப் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம்.

நீரூற்று இருந்த சதுக்கத்தின் ஓரத்தில் பொம்மைக் கடை ஒன்று இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று ஐந்து. பத்து. என் மனைவி நீரூற்றைச் சுற்றிச் சுற்றி வந்தாள். போனைக் காதில் வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். பதினொன்றரை ஆயிற்று. குழந்தையோடு யார் வந்தாலும் இரண்டடி முன்னால் ஓடிப்போய் நின்றுவிடுவாள். பார்க்கப் பொறுக்கவில்லை. அவள்மேல் இரக்கமாக வந்தது, மகள்மேல் கோபமாக வந்தது. பெற்றவளைத் தெருவில் நிற்க வைக்கிறாளே, இவள் எப்போதுதான் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறாள்?

பதினொன்று நாற்பதுக்கு எல்லாரும் வண்டிக்குத் திரும்பிவிட்டார்கள். பல் டாக்டர்கூட உட்கார்ந்துவிட்டார். மனைவி கடைசியாக வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏங்க, ஒரு பத்து நிமிஷம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்களேன்."

"எதுக்கு?"

நம்ம பொண்ணு வரா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சக்கரத்துக்கு முன்னால் படுத்தாவது வண்டியை நிறுத்தியிருப்பேன். சத்தியம். அவள் வாயிலிருந்து அது வரவேண்டும் என்றுதான் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன தெரிந்ததோ, தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்ரூம் போகணும்."

"அஞ்சு நிமிஷத்துல வா."

போய்விட்டு வந்தாள். நீரூற்றுப் பக்கம்தான் போனாள், பாத்ரூம் பக்கம் போகவில்லை. "சார், இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுக்கலாம், ஒண்ணும் அவசரமில்ல" என்றார் குடையம்மா. அவருக்கு ஏதோ புரிந்திருக்கிறது. எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. இப்போதுகூட என்னிடம் மறைக்கிறாளே என்று இவள்மேலும் கோபம் சேர்ந்துகொண்டது.

"ஒருத்தருக்குப் பொறுத்தா எல்லாருக்கும் பொறுக்கணும்மா" என்றேன். மனைவி ஏறி முன்பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். மணி பதினொன்றே முக்கால். தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பின்வாசலில் ஏறினேன்.

வண்டி கொஞ்ச தூரம் போய் சிவப்பு விளக்கில் நின்றது. நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து திரும்பினேன். சுரங்க ரயில் படிக்கட்டிலிருந்து ஒருத்தி ஏறி ஓடிவந்தாள், இடுப்பில் குழந்தை. நீரூற்றைப் பார்த்தாள், எங்கள் வண்டியைப் பார்த்தாள், நடைபாதையில் ஓட ஆரம்பித்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். ஆனால் அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். ஸ்கூல் விட்டு டிப்போவுக்கு என்னைத் தேடி ஓடிவருகிற அதே ஓட்டம்.

நடைபாதை ஓரத்தில் இடுப்பளவு கம்பி. அதற்கு மேல் வரமுடியாமல் நின்றாள். நடுவில் இரண்டு வரிசைக் கார்கள். மூச்சு வாங்கியபடி பின்கண்ணாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன். அவள் வாய் அசைந்தது. கண்ணாடி சாத்தியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் காட்டிக் குழந்தையிடம் ஏதோ சொன்னாள். அவன் கையைத் தூக்கி ஆட்டினான்.

பக்கத்திலிருந்த தகரத்தில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். டிரைவர் கதவைத் திறந்திருப்பார். எனக்குக் கை தூக்கவே வரவில்லை. யாருக்காக நிறுத்தினேன் என்று இருபத்து நாலு பேருக்கும் சொல்ல வேண்டுமே என்று நினைத்தேனா, டாக்டர் என்ன சொல்வார் என்று நினைத்தேனா, தெரியவில்லை. மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பச்சை விழுந்தது. வண்டி வளைந்து திரும்பிவிட்டது.

முன்னால் போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஒரு மாதிரியா இருக்க?"

"ஒண்ணுமில்ல. சிலருக்கு நம்மள வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றாள்.

வந்தாடி, ஓடிவந்தாடி என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி, வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன்.

மத்தியானம் ஆற்றில் படகுச் சவாரி. பாலங்களின் பெயரையெல்லாம் குடையம்மா மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தார். மனைவியின் போனில் ஏதோ வந்து விழுந்தது. காதில் வைத்துக் கேட்டாள். இரண்டாம் முறையும் கேட்டாள். பிறகு போனை என் காதில் வைத்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு மகளின் குரல்.

"அம்மா, ரயில் சுரங்கத்துக்குள்ளயே அரை மணி நேரம் நின்னுடுச்சு. உள்ள சிக்னலே இல்ல. ஓடி வந்தேம்மா. அப்பா பின்னாடி உக்காந்திருந்தார், என்னப் பாத்தார். நல்லாப் பாத்தார். தாத்தா பாருடான்னேன், புள்ளகூட கையாட்டினான். பாத்துட்டேதாம்மா போனார். இத்தன வருஷம் கோவம்னு நெனச்சேன். கோவமில்ல, அவருக்கு நான் வேண்டாம். இனி என்னக் கூப்பிடாதம்மா. என்னால முடியல."

பாலத்தின் நிழல் படகின்மேல் விழுந்து விலகியது. மனைவி அந்த எண்ணுக்கு மூன்று தடவை போட்டாள். போனை அணைத்து வைத்திருந்தாள் மகள்.

"நான் பேசினது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். குழாய் சத்தத்துலயும் கேட்டுச்சு. நானும் பாக்கணும்னுதான்..."

"அவ வந்தத பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது செகண்டு."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால், நாலு பேர் எதிரில் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால், கொஞ்சம் தேறியிருப்பேன். வண்டியை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால் சொல்வதற்கு மனதுக்குள் பத்துக் காரணம் சேர்த்து வைத்திருந்தேன். அதை அவள் கேட்கவே இல்லை.

"புள்ள கையாட்டினானாமே" என்றாள். "நீங்க திருப்பி ஆட்டினீங்களா?"

"இல்ல" என்றேன்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்க் குடையம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.