புல்லில் கிடந்த முயல்குட்டி

தையல் கம்பெனிக்குப் பின்னால் மண்டிக் கிடந்த புல்லில் முயல்குட்டி ஒன்று தனியாகப் படுத்திருந்தது. அங்கே வேலை பார்க்கும் அக்கா, தங்கை இருவரில், சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பார்த்த அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அட்டைப்பெட்டியில் போட்டு உள்ளே தூக்கி வந்துவிட்டாள். அங்கேயே பட்டன் தைக்கும் தங்கை, கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

"எடுத்த இடத்துலயே விட்டுடுங்கம்மா," என்றார் அவர். "காட்டுமுயல் பகல்ல குட்டி பக்கமே வராது. கூடவே இருந்தா நரி, நாய்க்குத் தெரிஞ்சுடும். பொழுது சாஞ்சதும் வந்து பால் குடுத்துட்டுப் போயிடும்."

அக்கா குறுக்கிட்டாள். "என் கை பட்டுடுச்சே டாக்டர், சேத்துக்குமா?"

"பெரும்பாலும் சேத்துக்கும். முதல்ல கொண்டுபோய் விடுங்க."

விட்டார்கள். வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் இருவரும் இஸ்திரி அறை ஜன்னலிலேயே நின்றார்கள். மதில்மேல் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. தங்கை செருப்பைக் கழற்றி ஓங்கினாள்.

"வேணாம்டி! தாய் பக்கத்துல இருந்தா மிரண்டுடும்."

பூனை வெகுநேரம் புல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பக்கம் குதித்தது. வெளிச்சம் மங்கியது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.

அப்போது வேலியோரம் பெரிய முயல் ஒன்று வந்து காதை விறைத்து நின்றது. புல் அசைந்தது. குட்டி ஓடிவந்து தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. ஐந்தே நிமிடம். தாய் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் தங்கை.

"அவ்வளவு போதும்டி," என்று அக்கா ஜன்னல் கம்பியை விட்டாள். உள்ளங்கை முழுக்கத் துரு.