பிறந்த வீட்டுக் கோடி

பள்ளிபாளையம் பக்கம், எங்கள் ஊருக்கும் காவேரிக்கும் நடுவே அந்த நூல் மில் வந்தது முப்பத்தெட்டாம் வருஷம். மேனேஜர் சண்முகவேல் தெற்கத்திக்காரர். ஊரோடு ஒட்டி நடக்க வேண்டும் என்பது முதலாளி உத்தரவாம். மாரியம்மன் நோன்பிக்குப் பந்தல் போட்டார், பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றினார். சுடுகாட்டுப் பாதையின் குறுக்கே மதில் எழுப்பும்போது மட்டும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊர்ச் செங்கோட்டையன் போய் முறையிட்டதற்கு, "சுத்திப் போங்களேன், அரை மைல்தானே" என்றார். தலையைத் தடவி மூளையை உறிஞ்சுகிற ஆள் என்று ஊர் வாய்விட்டே பேசியது.

அந்த ஆடியில் செங்கோட்டையன் மனைவி ஆத்தாயி காய்ச்சலில் போய்விட்டாள். கடைசியாகப் போர்த்தும் கோடித் துணி கொண்டுவரக் கூடப் பிறந்தவர்கள் இல்லாதவள். குளிப்பாட்டிக் கிடத்தியதும், "பொறந்த ஊட்டுக் கோடி இருக்குதுங்களா?" என்று ஊரில் மூத்தவள் ராசம்மாள் வழக்கப்படி கேட்டாள். செங்கோட்டையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த சண்முகவேல், மரியாதை செய்வதாக நினைத்து, கையிலிருந்த புதுச்சேலையை விரித்து அவள்மேல் போர்த்திவிட்டார்.

கூட்டம் திகைத்தது. ராசம்மாள்தான் வாய் திறந்தாள். "கோடி போட்டுட்டீங்க சாமி. இனி நீங்க இவளுக்குக் கூடப் பொறந்தவனுங்க. காடு வரைக்கும் கூட வரோணுமுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்.

தீச்சட்டியோடு முன்னால் போன செங்கோட்டையன் சுற்றுப்பாதைக்குத் திரும்பவில்லை. நேரே மதிலடியில் போய் நின்றான். எடுத்த பாடையைத் திருப்புவதும் இல்லை, வழியில் இறக்குவதும் இல்லை எங்கள் பக்கம். தூக்கியவர்கள் தோள் கடுக்க நின்றார்கள்.

"மச்சான்," என்றான் செங்கோட்டையன். அதுவரை மேனேஜரய்யா என்றவன். "செவுத்தை இடிங்கன்னு நாங் கேக்கலைங்க. உங்க பொறந்தவளை எந்த வழியா கொண்டுபோறதுன்னு நீங்களே சொல்லுங்க."

சண்முகவேல் மதிலைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார். முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதார். பிறகு மில் காவல்காரனிடம் கடப்பாரை வாங்கி, முதல் குத்தைத் தானே குத்தினார். அப்புறம்தான் எங்கள் கைகள் சேர்ந்தன.

முதலாளிக்கு என்ன பதில் சொன்னாரோ, தெரியாது. அந்த இடத்தில் மறுபடி கல் ஏறவில்லை.

கருமாதிப் பந்தியில், பிறந்த வீட்டார் உட்காரும் வரிசையில் ஒரே ஓர் இலை போட்டார்கள். சண்முகவேல் வந்து அதில் உட்கார்ந்தார்.