முழங்காலில் ஒரு வாய்

பல்செட் செய்வது என் தொழில். மயிரிழை பிசகினாலும் ஆள் திரும்பி வந்து கத்துவார். நானும் பதிலுக்குக் கத்துவேன். இத்தனைக்கும் என் சொந்த வாயைப் பார்த்தால் ஒருத்தரும் என்னிடம் பல் கட்டிக்கொள்ள மாட்டார்கள். சிங்கப்பல் இரண்டும் மேலே ஏறி நிற்கும், முன்பல் இரண்டும் வெளியே எட்டிப் பார்க்கும். வேலை நேரத்தில் மாஸ்க், மற்ற நேரத்தில் கை, இப்படியே மறைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டேன்.

அப்போதுதான் சிலை செய்கிற சிற்பி ஒருத்தி வந்தாள். "ஒரு செட் பல்லு வேணும் மேடம்."

"யாருக்கு? நேர்ல வரச் சொல்லுங்க."

"அவ இந்தக் கதவுல நுழையமாட்டா."

பழைய கார் ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். கூரையை முட்டிக்கொண்டு ஒரு ராட்சசி. கம்பிக்கூட்டின் மேல் ஃபைபர், முதுகெல்லாம் செதில், மூன்று மார்பு, அரும்பு மீசை, காலில் குதிகால் செருப்பு.

"என்ன கண்றாவி இது? ஆம்பளையா பொம்பளையா?"

"பொம்பளைதான். பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்னு சொன்னவங்களை ஒவ்வொருத்தரா முழுங்கினா. அதுல இப்படி ஆயிட்டா."

கையை மறந்து சிரித்துவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொழில் பழக்கம், கை கோணலாகப் போகவே மாட்டேன் என்கிறது. பல் வரிசையாக, பளிச்சென்று வந்திருந்தது. "இவ கடிக்கமாட்டா மேடம், வாங்க உக்காருங்கன்னு உபசாரம் பண்ணுவா. முகத்துக்கு வேண்டாம், வயித்துல வெச்சுக்கறேன்" என்று வயிற்றில் ஒரு வாயைத் தோண்டினாள். அடுத்த செட்டுக்கு அக்குளில் வாய் வந்தது. அதற்கடுத்து முதுகில். கடைசியாக முழங்காலில். முழங்காலில் வாய் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. கேட்டால் அங்கே போவது நின்றுவிடுமோ என்று பயம். அவள் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது, இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது. அவளுக்கு நான் வெறும் பல் மேடம்தானா, வேறு ஏதாவதா என்று தெரியாமல்தான் உயிர் போனது.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "முகத்துக்கு உங்க பல்லோட அச்சே வேணும்."

எங்கிருந்து வந்ததோ கோபம். "என் வாயை வெச்சு ஊரைச் சிரிக்க வைக்கப் பாக்கறியா? வேற ஆளைப் பாரு!" கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அவளுக்கு நான் யார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று, வெறும் காட்சிப் பொருள். ஆசைப்பட்ட என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டில் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டே அக்காவிடம் சொன்னால், சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "ராட்சசிக்குப் பல்லு வேணும்னா உன்கிட்ட கேக்காம என்கிட்டயா கேப்பாங்க? சின்ன வயசுல நீ கடிச்ச தழும்பு இன்னும் இருக்குடி."

"நீ ஒருத்தி போதும்க்கா, என்னைக் கொல்ல."

"கோவம்னா அவ மூஞ்சிக்கு நேரா போய்க் கேளு. என் பாத்திரத்தை ஏன் உடைக்கற?"

கேட்கத்தான் போனேன். அங்கே போய் நின்றதும் வீம்பு முந்திக்கொண்டது. "எடுத்துக்கோ. ஊரே பாக்கட்டும். பசையை மட்டும் நான் சொல்ற பதத்துல கலக்கு."

அச்சுப் பசையைக் குழைத்து, வாயளவு சின்னத் தட்டில் நிரப்பி என் வாய்க்குள் அழுத்தினாள். அது இறுகும்வரை அசையக் கூடாது, மூக்கால்தான் மூச்சு விட வேண்டும், பேசவே முடியாது. இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அறிவுகெட்டவளும் நான்தான்.

தட்டை விரலால் தாங்கிக்கொண்டே ஆரம்பித்தாள். "நீங்க திட்ட முடியாதப்பதான் எனக்கு தைரியம் வரும். மன்னிச்சிருங்க."

"உம்ம்!" என்றேன்.

"சின்ன வயசுல பேய்ப் படம் பாத்தா எல்லாரும் கண்ணை மூடிப்பாங்க. நான் மட்டும் கடைசில பேயை விரட்டறப்ப அழுவேன். யாருக்கும் அடங்காம, வாயைப் பெருசா திறந்து சிரிக்குமே, அது கூடவே போயிடணும்னு இருக்கும். அன்னிக்கு நீங்க இதே இடத்துல நின்னு சிரிச்சீங்க. சத்தியமா கேலி இல்ல. ராட்சசிக்கு ஒரு வாயே போதும். மத்ததெல்லாம் நீ திரும்பத் திரும்ப வரணும்னு தோண்டினது."

கண்ணில் நீர் கொட்டுகிறது, தாடையில் எச்சில் வழிகிறது, வாய் நிறையப் பசை. அடிப்பாவி, இதைச் சொல்ல இவளுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா? சந்தோஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது. பொறுக்க முடியாமல் தட்டைப் பிடுங்கி எடுத்தேன். பசை பாதிதான் இறுகியிருந்தது. பல்லெல்லாம் இழுபட்டு அச்சு நாசம்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கோவமா?"

"இன்னொண்ணு கலக்கு" என்றேன். "இந்தத் தடவை தட்டு உன் வாய்க்கு. நான் பேசி முடிக்கிறவரைக்கும் அசையக் கூடாது."